நொய்க்கஞ்சி அடக்கிய குமட்டலும் அடக்காத குமட்டலும்: கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கம்பத்துக்கும் கூடலூருக்கும் இடையில் உள்ள ஒரு கிராமம். விடியுமுன்னே ஜீப்புகள் வந்து நிற்கும். கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாக வண்டன்மேடு பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய், பொழுது சாயும்போது திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடும். இங்கே பாதி வீடுகளின் அடுப்பு அந்த ஜீப்பை நம்பித்தான் எரிகிறது.

இந்த நிகழ்வின் மையத்தில் இருப்பவர் 41 வயதுப் பெண். பத்து வருடத்துக்கும் மேலாகக் காய் எடுக்கப் போகிறவர். கழுத்தின் வலப்பக்கம் நெறி கட்டி இரண்டு மாதமாக வற்றவில்லை. அரசு மருத்துவமனையில் ஊசி வைத்து எடுத்துப் பார்த்ததில் நிணநீர்க்கட்டிக் காசநோய் என்று தெரிந்தது. நுரையீரலில் நோய் இல்லை. அதனால் மற்றவர்களுக்குப் பரவும் பயமும் இல்லை, வேலைக்குப் போகலாம் என்றார்கள். எடை 44 கிலோ. 35 முதல் 49 கிலோ வரை உள்ளவர்களுக்கு நான்கு மருந்தும் சேர்ந்த மாத்திரை தினமும் மூன்று: ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட், பைராசினமைடு, எத்தாம்புடால். கூடவே வைட்டமின் பி6. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் பைராசினமைடு இல்லாமல் மூன்று. மொத்தம் ஆறு மாதம். எல்லாம் இலவசம்.

நான் அங்கன்வாடியில் 28 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது இப்படி மருந்து சாப்பிடுகிறவர்களுக்குத் துணையாக இருக்கிறேன். மாத்திரை விழுங்கினார்களா என்று பார்ப்பது, அட்டையை எண்ணுவது, ஏதாவது தொந்தரவு என்றால் மருத்துவமனைக்குச் சொல்வது, இவ்வளவுதான் என் வேலை. மருத்துவம் படித்தவள் இல்லை. கஞ்சி காய்ச்சத் தெரியும். இந்த நிகழ்வில் அது உதவியது, ஒரு கட்டத்தில் அதுவே கண்ணையும் மறைத்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் ஒன்பது நாள்

முதல் நாள் மாத்திரையை என் முன்னால்தான் போட்டார். இரண்டு விஷயம் சொன்னேன். வெறும் வயிற்றில் போட வேண்டும், ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடலாம் என்பது ஒன்று. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அது ரிஃபாம்பிசினின் சாயம், பயப்படாதே என்பது இன்னொன்று. இரண்டாவதாகச் சொன்னது பின்னால் எப்படி வந்து விடிந்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

அதற்கப்புறம் அவர் ஜீப்புக்குப் போகும் நேரத்தில் நான் எழுந்திருப்பதில்லை. சாயங்காலம் போய்க் கேட்பேன். “போட்டுட்டேன் டீச்சர்” என்பார். ஒன்பதாம் நாள் அட்டையை வாங்கி எண்ணினேன். ஒன்பது நாளுக்கான குழிகள் காலியாக இருந்தன, கணக்குச் சரி. ஆனால் கழுவிக் கவிழ்த்த தூக்குவாளி மூடிக்குள் ஒரு கைக்குட்டை முடிச்சு. அவிழ்த்தால் ஒன்பது மாத்திரை. மூன்று நாள் மருந்து.

நான் கோபப்படவில்லை என்று எழுத ஆசைதான். கோபப்பட்டேன். அவர் அழுதுகொண்டே சொன்னது இது: “மாத்திரைய முழுங்குன அர மணி நேரத்துல வயித்தப் பெரட்டுது டீச்சர். ரெண்டாவது வளைவுல ஓங்கரிப்பு வந்துரும். ஜீப்ப நிறுத்தச் சொன்னா மத்தவக முனங்குறாக. வாந்தி எடுக்காத நாளே இல்ல. அதான் மதியம் போட்டுக்கலாம்னு முடிஞ்சு வச்சேன். மதியம் மறந்து போச்சு.”

நேரில் பார்த்தது

மறுநாள் விடிகாலை மூன்றே முக்காலுக்கு அவர் வீட்டுக்குப் போய் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

முந்தின இரவு ஏழு மணிக்குச் சாப்பிட்டது புளிக்குழம்பும் வறுத்த கருவாடும். அதற்கப்புறம் ஒன்பது மணி நேரம் வயிறு காலி. நாலு மணிக்கு எழுந்து பல் விளக்கி, ஒரே வாய்த் தண்ணீரில் மூன்று மாத்திரையும் ஒன்றாக உள்ளே போனது. கை நனைந்த ஈரம் காயவில்லை, மாமியார் கட்டன் சாயா ஒரு டம்ளர் நீட்டினார். சாயம் இறங்கிக் கறுத்துப்போன டீ, நிறையச் சர்க்கரை. அதைக் குடித்துவிட்டு நாலே முக்காலுக்கு ஜீப். பின்பக்கம் எதிரெதிர் சீட்டில் பத்துப் பேருக்கு நடுவே இடுங்கி உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு பக்கவாட்டில் சாய்ந்துகொண்டு மலையேற்றம். நல்ல வயிறே அங்கே கலங்கும்.

ஆக, மாத்திரை மட்டும் குற்றவாளி இல்லை. காலி வயிறு, கடும் டீ, மலைப்பாதை மூன்றும் அதோடு சேர்ந்துகொண்டன. அன்று வேலைக்கு விடுப்புச் சொல்லச் செய்து மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன்.

எடுத்த முடிவுகள்

மருத்துவர் முதலில் கேட்டது கல்லீரல் ரத்தப் பரிசோதனை. இந்த நான்கு மருந்தில் மூன்று கல்லீரலைத் தொடக்கூடியவை, வாந்தி என்று யார் வந்தாலும் முதலில் அதைப் பார்த்துவிடுவதுதான் சரி என்றார். சாயங்காலம் அறிக்கை வந்தது. எல்லாம் அளவுக்குள் இருந்தது.

அப்புறம் நேரம். சாப்பாட்டோடு போட்டால் ரிஃபாம்பிசினும் ஐசோனியாசிடும் உடம்பில் சேர்வது குறையும், அதனால்தான் வெறும் வயிறு என்கிறோம். ஆனால் வாந்தியில் போகிற மாத்திரையைவிட, கொஞ்சம் லேசான ஆகாரத்தோடு உள்ளே தங்குகிற மாத்திரை மேல் என்று அவர் சொன்னார். கொழுப்பு மட்டும் கூடாது. மூன்று மாத்திரையைக் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று பிரிக்கவும் கூடாது. இல்லையென்றால் இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டுவிட்டுத் தூங்கிவிடலாம், குமட்டல் தூக்கத்தில் போய்விடும் என்றார்.

இரவு யோசனை எனக்குப் பிடித்தது. செய்து பார்த்தோம். ஐந்தரைக்கு ஜீப் இறங்கி, ஆறரைக்குச் சாப்பிட்டு, எட்டரைக்கு மாத்திரை. முதல் இரவு சரியாக நடந்தது. இரண்டாம் இரவு ஏழரைக்கே சுவரில் சாய்ந்தபடி தூங்கிப்போனார். பகல் முழுக்கக் குனிந்து காய் எடுத்த உடம்பை எட்டரை வரை விழித்திரு என்று சொல்வது காகிதத்தில் எழுதத்தான் லாயக்கு. மூன்றாம் நாளே அதை விட்டுவிட்டு விடிகாலைக்குத் திரும்பினோம். இந்த முறை மாத்திரைக்கு முன்னால் கஞ்சி.

கஞ்சி விவகாரம்

எந்தக் கஞ்சி என்பதில் ஒரு சின்னப் போர் நடந்தது. மாமியார் வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். “கஞ்சின்னா குத்தரிசிதான் டீச்சர். வெள்ளரிசிக் கஞ்சி குடிச்சுட்டு மலையேறுனா மேட்டுல கண்ணக் கட்டிரும்” என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தவிடு ஒட்டிய சிவப்பரிசி வயிற்றில் நின்று பசி தாங்கும். ஆனால் இப்போது நமக்கு நிற்கக் கூடாது. சீக்கிரம் இறங்க வேண்டும்.

இங்கே முல்லைப் பெரியாறு தண்ணீரில் நெல் விளைகிறது, அரிசி ஆலையில் நொய்க்குப் பஞ்சமில்லை. ஒரு கைப்பிடி நொய், எட்டு மடங்கு தண்ணீர். குக்கரில் வைக்காமல் பாத்திரத்தில், முதல் கொதிக்குப் பிறகு அடுப்பைக் குறைத்து, முக்கால் மணி நேரம். மத்தால் நாலு கடை கடைந்தால் பருக்கை தெரியாது, கரண்டியிலிருந்து ஊற்றினால் எண்ணெய்போல இடைவிடாமல் வழியும். உப்பு மட்டும். தாளிப்பு இல்லை, தேங்காய்ப்பால் இல்லை, நெய் இல்லை. கொழுப்பு சேர்ந்தால் வயிறு மெதுவாகத்தான் காலியாகும், மருந்து சேர்வதும் குறையும். இரவே காய்ச்சி வைத்துவிட்டு விடிகாலையில் வெந்நீர் ஊற்றி இளக்கிச் சூடாக்கிக்கொள்ளலாம். குழந்தைகளுக்குக் காய்ச்சிய கஞ்சிதான், தண்ணீர் மட்டும் கூட.

மாமியாருக்கும் ஒரு இடம் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை குத்தரிசி வடித்த கஞ்சித்தண்ணி, வடிகட்டி, உப்புப் போட்டு. அவருக்கும் திருப்தி.

பதின்மூன்றாம் நாளிலிருந்து நடைமுறை இப்படி ஆனது. நாலு மணிக்கு அரை டம்ளர் வெதுவெதுப்பான கஞ்சி. நாலேகாலுக்கு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு மூன்று மாத்திரையும், ஒவ்வொன்றாக. படுக்கவோ குனியவோ கூடாது. டீயை ஒன்பது மணிக்குத் தோட்டத்தில் குடித்துக்கொள்ளலாம். ஜீப் ஐந்துக்குத் தள்ளிப்போனது, டிரைவரிடம் பேசி முன்சீட்டும் வாங்கிக் கொடுத்தேன். வளைவுகளில் எதிரே தெரியும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு போனால் தலைசுற்றல் குறையும்.

மற்ற உணவுகளில் எது ஒத்துக்கொண்டது, எது இல்லை என்பதைப் பழைய நோட்டில் குறித்து வைத்தேன். ஆறிப்போன இட்லி, தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாமல், நன்றாகவே தங்கியது. முந்தானையில் முடிந்துகொண்டு போன அரிசிப்பொரி மலைப்பாதைக்குக் கைகண்ட துணை. குமட்டல் எழும்போது நாலு பொரியை மெல்லச் சொன்னேன். பத்து மணிக்கு இடியாப்பம் அல்லது ரஸ்க். மதியம் சோற்றோடு இஞ்சி தட்டிப்போட்ட நீர்மோர். புழுங்கிய நேந்திரம்பழத்தைக் கேரளப் பக்கத்தில் நோயாளிக்குக் கொடுப்பார்கள், இவருக்கு வயிறு ஊதிப்போனது, இரண்டு நாளில் நிறுத்தினோம். பால் குடித்தால் எதுக்களித்தது. இரவில் புளிக்குழம்பும் காந்தாரி மிளகாயும் கருவாடும் நின்று பருப்புச்சோறும் மிளகு குறைத்த ரசமும் வந்தன. கணவருக்குத்தான் அது பெரிய தண்டனை.

இடையில் மாமியார் மருந்துக்கடையில் வயிற்றெரிச்சல் சிரப் வாங்கி வந்திருந்தார். அலுமினியம் கலந்த அந்த வகை சிரப் ஐசோனியாசிடை உடம்பில் சேரவிடாமல் பண்ணும். கேட்காமல் கொடுக்க வேண்டாம் என்று எடுத்து வைத்தோம். இருபதாம் நாள் வாக்கில் இன்னொன்று. மீன் வண்டியில் வாங்கிய சூரை மீனைச் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, தலைவலி. சூரை போன்ற மீன்களில், அதுவும் பனியில் சரியாக வைக்காமல் போனால், ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். அதை உடம்பு கழிப்பதை ஐசோனியாசிட் தடுத்துவிடுவதால் வருவது இது. மாத்திரை முடியும்வரை அந்த மீனை ஒதுக்கிவிட்டோம்.

நல்லபடியாகப் போன இருபத்தைந்து நாள்

13-ஆம் நாள் முதல் 37-ஆம் நாள் வரை ஒரு வாந்தி இல்லை. ஒரு வேளை தவறவில்லை. எடை 45.3 கிலோவுக்கு வந்தது. காசநோயாளிகளுக்கு அரசு தரும் நிக்ஷய் போஷன் பணம் 2024 நவம்பரிலிருந்து மாதம் 500-லிருந்து 1000 ரூபாயாகியிருக்கிறது. அது முட்டைக்கும் பாசிப்பயறுக்கும் போனது. ஜீப்பில் கூட வரும் பெண்களிடம் நொய்க்கஞ்சியின் பெருமையை அவரே சொல்ல ஆரம்பித்தார். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது.

இரண்டாவது குமட்டல்

38-ஆம் நாள் மறுபடி வாந்தி. “பழையபடி ஆரம்பிச்சிருச்சு டீச்சர்” என்றார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். முந்தின இரவு என்ன சாப்பிட்டார், டீ குடித்தாரா, முன்சீட் கிடைத்ததா என்றெல்லாம் கேட்டேன். கஞ்சியை இன்னும் இளக்கச் சொன்னேன். பொரியைக் கூட்டச் சொன்னேன்.

இப்போது நோட்டைப் புரட்டினால் அந்த நாலு நாளும் தனியாகத் தெரிகின்றன. முதல் தடவை வாந்தி மாத்திரை போட்ட அரை மணி நேரத்தில் வரும், பத்து மணிக்குப் பசி எடுக்கும். இந்தத் தடவை வாந்தி மதியத்திலும் வந்தது, சாயங்காலமும் வந்தது. பசியே இல்லை. கஞ்சி வாசமே ஆகவில்லை. முட்டையைப் பார்த்தால் முகத்தைத் திருப்பினார். வலது விலாவுக்குக் கீழே ஏதோ கனமாக இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னார். நான் அதை எழுதிக்கொண்டேன், அவ்வளவுதான். பத்தாம் நாள் எடுத்த ரத்தப் பரிசோதனை நன்றாக வந்தது என்ற நினைப்பு உள்ளே உட்கார்ந்திருந்தது. அது அன்றைய நிலவரம் மட்டுமே என்று தோன்றவில்லை.

சிறுநீர் நிறம் மாறியிருந்தால் வீட்டிலேயே கண்டுபிடித்திருப்பார்கள். ஆனால் முதல் நாளிலிருந்தே ஆரஞ்சாகத்தான் போகிறது, பயப்படாதே என்று சொன்னதும் நான்தான். காமாலையின் கறுத்த மஞ்சள் அந்தச் சாயத்துக்குள் ஒளிந்துகொண்டது.

மாமியார் மட்டும் சந்தேகப்பட்டிருக்கிறார். 40-ஆம் நாளிலிருந்து கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்திருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. ‘மாத்திரையோடு வேறு எதுவும் கேட்காமல் கொடுக்காதீர்கள்’ என்று சிரப் விஷயத்தில் நான் கடிந்துகொண்டதால் சொல்லப் பயம். அவர் சொல்லியிருந்தால் ‘எதற்குக் கீழாநெல்லி?’ என்று கேட்டிருப்பேன், ‘காமாலை மாதிரி இருக்கு’ என்று பதில் வந்திருக்கும். இரண்டு நாள் முந்தியிருக்கும்.

42-ஆம் நாள் ஞாயிறு. ஜீப் இல்லை. காலை எட்டு மணி வெயிலில் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அத்தனை நாளும் நான் அவரைப் பார்த்தது விடிகாலைக் குண்டு பல்பிலும் சாயங்கால இருட்டிலும்தான். வெயிலில் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளை விழி பழுத்த எலுமிச்சைத் தோல் நிறத்தில் இருந்தது.

அதன் பிறகு

போன் செய்ததும் மாத்திரையை அன்றே நிறுத்தச் சொன்னார்கள். ரத்தத்தில் காமாலையைக் காட்டும் பிலிரூபின் 3.4. எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் அளவு 400-ஐத் தாண்டியிருந்தது. வாந்தி, காமாலை போன்ற அறிகுறியோடு இந்த அளவு இயல்பின் மேல்வரம்பைப்போல மூன்று மடங்கைத் தாண்டினாலே, அறிகுறியே இல்லாவிட்டாலும் ஐந்து மடங்கைத் தாண்டினால், மருந்தை நிறுத்துவார்கள். இவர் எந்தக் கணக்கிலும் தாண்டிவிட்டார். ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த சிக்கல் பத்தியம். காமாலை என்றால் உப்பில்லாமல், எண்ணெய் இல்லாமல், வெறும் கஞ்சி என்பது ஊர் வழக்கம். எடை 42.6-க்கு இறங்கியிருந்தது. ஏற்கெனவே காசநோய் தின்ற உடம்பு. மருத்துவர் அந்தப் பத்தியத்தை ஒத்துக்கொள்ளவில்லை. பிடித்ததை, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிடட்டும் என்றார். காலையில்தான் அவருக்குக் கொஞ்சம் பசித்தது, அதனால் பெரிய சாப்பாட்டைக் காலைக்கு மாற்றினோம். நொய்யும் பாசிப்பயறும் சேர்த்த கஞ்சி, அவித்த முட்டை, சாத்துக்குடி, பிசைந்த இட்லி. நாளுக்கு ஆறு வேளை, ஒவ்வொன்றும் ஒரு கிண்ணம். குமட்டல் அதிகமான நாளில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து மடக்கு மடக்காக.

மாத்திரையை நிறுத்திய பதினாறாம் நாள் அளவுகள் இறங்கின. மருந்துகளை ஒவ்வொன்றாகத் திரும்ப ஆரம்பித்தார்கள். முதலில் எத்தாம்புடாலோடு ரிஃபாம்பிசின், சில நாள் கழித்து ரத்தம் பார்த்துவிட்டு ஐசோனியாசிட். பைராசினமைடு திரும்ப வரவே இல்லை. அது இல்லாததால் சிகிச்சை ஆறு மாதத்திலிருந்து ஒன்பது மாதமானது. அந்த மூன்று மாதம் நாலு நாள் தாமதத்தின் விலை இல்லை, மருந்து ஒத்துக்கொள்ளாததன் விலை. ஆனால் காமாலையோடு கூடுதலாக விழுங்கிய நாலு நாள் மாத்திரை இன்னும் மோசமாக முடிந்திருக்கலாம்.

இப்போது நான் மாற்றிக்கொண்டவை

முதல் நாளே விடிகாலையில் போய் உட்காருகிறேன். மாத்திரைக்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, பார்க்கத்தான் வேண்டும். அட்டையோடு தூக்குவாளியையும் பார்க்கிறேன். வாந்தியில் மாத்திரை வந்துவிட்டால் அவர்களாக இன்னொரு வேளை போடாமல் போன் செய்யச் சொல்கிறேன்.

சிறுநீர் ஆரஞ்சாகப் போகும் என்று சொல்லும்போதே, ‘அதனால் காமாலையைச் சிறுநீரில் பார்க்க முடியாது, கண்ணில் பாருங்கள், பகல் வெளிச்சத்தில் பாருங்கள்’ என்றும் சேர்த்துச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் வைத்து வீட்டிலுள்ள ஒருவர் பார்க்க வேண்டும். இந்த வேலையை மாமியார்களிடம் ஒப்படைக்கிறேன், அவர்களுக்குத்தான் கண் கூர்மை. கைமருந்து கொடுத்தால் திட்டமாட்டேன், எதற்காகக் கொடுத்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள் என்கிறேன்.

குமட்டலுக்குக் கஞ்சி என்பதில் மாற்றம் இல்லை. ஆனால் கஞ்சிக்கு ஒரே நாள்தான் அவகாசம். மாத்திரை போட்டவுடன் வந்து, பிறகு பசி எடுத்தால் கஞ்சி. அடங்கின வாந்தி திரும்பினாலோ, நேரம் தப்பி வந்தாலோ, பசியும் கூடவே போனாலோ அன்றைக்கே ரத்தப் பரிசோதனை.

இன்றைய நிலை

ஒன்பது மாத மருந்து முடிந்துவிட்டது. கழுத்தில் தடவிப் பார்த்தால் சின்னத் தழும்பு மட்டும் தட்டுப்படுகிறது. எடை 47. மறுபடி காய் எடுக்கப் போகிறார். கட்டன் சாயா பழையபடி நாலு மணிக்கே வந்துவிட்டது, இரவில் கருவாடும் திரும்பிவிட்டது. முன்சீட்டில் இப்போது வேறொரு பெண் உட்கார்ந்து போகிறார், போன மாதம்தான் அவருக்கு மாத்திரை ஆரம்பித்தது. அவர் முந்தானையில் பொரி முடிந்து கொடுத்து அனுப்புவது பின்சீட்டில் இருக்கும் இவர்தான்.